பில் அடுக்கினேன், டீ வாங்கினேன்: வேலையிடத்தில் கூட இருந்து பார்த்த ஒரு மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் முதுநகர் பக்கம் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் இயற்பியல் ஆசிரியை. 2023–24இல் பிளஸ் 1 வகுப்பு ஒன்றுக்கு வகுப்பாசிரியையாகவும் இருந்தேன். எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் துறைமுகத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களிலிருந்து வருகிறவர்கள். மற்றவர்களின் வீட்டில் கட்டட வேலை, சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி, சின்னக் கடை.

அந்த ஜனவரியில் வகுப்பில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, பிளஸ் 2 முடித்த பிறகு என்ன ஆக விருப்பம் என்று எழுதச் சொன்னேன். இன்ஜினியர், நர்ஸ், போலீஸ், ஐடி, கலெக்டர். இந்த ஐந்தைத் தாண்டி வந்த பதில்கள் குறைவு. தாளைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு கேள்வி கேட்டேன். "நீங்க எழுதியிருக்கிற ஆள், காலையில வேலைக்குப் போனதும் முதல்ல என்ன செய்வார்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. போலீஸ்காரர் மகள் ஒருத்தி மட்டும், எந்த இடத்தில் டூட்டி என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்வார் என்றாள். மற்றவர்களுக்கு அந்த வேலைகள் வெறும் பெயர்கள்தான்.

2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு, எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, எந்த நுழைவுத்தேர்வு எழுத வேண்டும் என்ற தகவல்கள் பள்ளிக்கே வருகின்றன. பத்து வருடத்துக்கு முன்னால் என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இது கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் ஒரு படிப்பின் பெயரைத் தெரிந்துகொள்வதும், அந்தப் படிப்பு கொண்டுபோய் விடும் வேலையில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று தெரிந்துகொள்வதும் வேறு வேறு. அந்த இரண்டாவதற்குத்தான் வழி தேடினோம்.

ஒருவர் வேலை செய்யும்போது மாணவர் சில நாள் கூடவே இருந்து பார்ப்பதை ஜாப் ஷேடோயிங் என்கிறார்கள். இதில் மாணவர் வேலை செய்வதில்லை, சம்பளமும் கிடையாது. 1961ஆம் ஆண்டு சட்டப்படி ஒப்பந்தமும் உதவித்தொகையும் உள்ள அப்ரென்டிஸ் பயிற்சி வேறு, இது வேறு. பிள்ளைகளிடம் 'கூட இருந்து பார்ப்பது' என்றே சொன்னோம். அந்தப் பெயரில் இருந்த எச்சரிக்கையை நானே முதலில் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அதனால் வந்ததைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

ஏற்பாடு

பிளஸ் 1 பொதுத்தேர்வு மார்ச் கடைசியில் முடிந்தது. ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. எங்களில் பெரும்பாலோருக்குத் தேர்தல் பணி. அது முடிந்த பிறகுதான் மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஏப்ரல் 22 திங்கட்கிழமை தொடங்குவது என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோர் கையெழுத்தோடும் ஒன்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓரிடம், மூன்று நாள்.

இடம் தேடுவது நினைத்ததைவிடச் சுலபமாகவே இருந்தது. பழைய மாணவர்கள், சக ஆசிரியர்களின் உறவினர்கள் என்று கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள். சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் இரண்டு பேரை அழைத்துப்போகத் தயாராக இருந்தார். அதை நாங்களே வேண்டாம் என்றோம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. நாங்கள் வேலைக்கு அனுப்பவில்லை, பார்க்கத்தான் அனுப்புகிறோம் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த எல்லையைத் தொடும் இடத்தில் பிள்ளையை நிறுத்திவிட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று தேட எனக்கு மனம் வரவில்லை.

விடுமுறை என்பதால் போக்குவரத்தையும் யோசிக்க வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் இலவசம். பையன்களின் டிக்கெட் காசை ஆசிரியர்கள் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம்.

எல்லோருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்து, என்ன நடந்ததென்று நேரம் போட்டு எழுதச் சொன்னேன். மூன்று நாள் முடிந்ததும் வாங்கிப் படிப்பதாகத் திட்டம்.

மாணவன்

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவன் கணிதம்–இயற்பியல்–கணினி அறிவியல் பிரிவில் படித்தவன். அப்பா அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர். மதிப்பெண் நடுத்தரம். கேட்டால் மட்டும் பேசுவான். தாளில் 'இன்ஜினியர்' என்று எழுதியிருந்தான். என்ன இன்ஜினியர் என்றதற்கு, "தெரியல மிஸ், எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றான்.

கையெழுத்துப் போட வந்த அன்று அவனுடைய அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எந்த வேலையா இருந்தாலும் சரி டீச்சர். கடல் பக்கம் மட்டும் வேணாம்."

அவனுக்கான இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நகரத்தில் வரிக் கணக்கு பார்க்கும் ஒரு அலுவலகம். ஜிஎஸ்டி, வருமான வரி, கடைகளின் வருடக் கணக்கு எல்லாம் அங்கே கணினியில்தான் நடக்கிறது. கணினி படிக்கிற பையன், நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அம்மாவுக்கும் நிம்மதி என்று நினைத்தேன். அவனிடம் எங்கே போக ஆசை என்று கேட்கவே இல்லை. அந்த அலுவலகத்துக்கும் போனில், "பையன் மூணு நாள் வருவான், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றதோடு சரி. அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை.

நோட்டில் கண்டது

இரண்டாம் நாள் மாலை முதுநகர் மார்க்கெட் பக்கம் தற்செயலாக அவனைப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்றேன். "நல்லா இருக்கு மிஸ்" என்றான். நோட்டு கையிலேயே இருந்தது. வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கம் இப்படி இருந்தது:

10.15 – பில் தேதிவாரியா அடுக்கினேன்.
11.10 – டீ வாங்கிட்டு வந்தேன்.
11.30 – பில் அடுக்கினேன்.
12.40 – ஜெராக்ஸ் எடுத்து வந்தேன்.
2.30 – பில் அடுக்கினேன்.
4.00 – டீ வாங்கிட்டு வந்தேன்.

இரண்டாம் பக்கமும் அதேதான், ஜெராக்ஸ் மட்டும் இரண்டு தடவை.

தெருவிளக்குக்குக் கீழே நின்று படிக்கும்போது என் கண்ணில் பட்டது அவன் எழுதிய வினைகளின் முடிவு. அடுக்கினேன், வந்தேன், எடுத்தேன். இரண்டு பக்கத்திலும் எல்லாமே 'நான் செய்தேன்' என்கிற 'ஏன்' முடிவுதான். பார்க்கப் போன பிள்ளையின் நோட்டில் 'அவர் செய்தார்', 'அவர் சொன்னார்' என்றுதானே நிறைய இருக்க வேண்டும்? 'ஆர்' என்று முடிகிற வினை ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு நாளில் அவன் யாரையும் பார்க்கவில்லை.

நல்லா இருக்கு என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "அவங்க திட்டலை மிஸ்" என்றான். அந்தப் பதில் என்னை இன்றும் விடவில்லை. பெரியவர்கள் ஏற்பாடு செய்த ஓர் இடம், அங்கே யாரும் திட்டாமல் இருந்தால் அதுவே நல்ல இடம் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

முடிவு 1: மூன்றாம் நாள் அனுப்பவில்லை

அன்றிரவே அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து நாளைக்குப் பையன் வரமாட்டான் என்றேன். அலுவலகத்தை நடத்துகிறவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மார்ச் 31 கணக்கு முடித்த கையோடு கடைக்காரர்களின் பில்கள் மூட்டையாக வந்து கிடக்கின்றன. பையன் வந்தது பெரிய உதவி, சுறுசுறுப்பாக இருந்தான், கடைசி நாள் ஏதாவது கையில் கொடுத்து அனுப்பலாம் என்றுகூட வைத்திருந்தாராம். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. 'பாத்துக்கோங்க' என்று ஒருவரிடம் பதினாறு வயசுப் பையனை ஒப்படைத்தால், சும்மா உட்கார வைக்காமல் ஏதாவது வேலை கொடுப்பதுதான் நம் ஊரில் மரியாதை. பார்ப்பதே வேலை என்பதை நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னும் ஒரு நாள்தானே, விட்டுவிடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நாளும் இப்படியே போனால் 'ஆபீஸ் வேலை என்றால் பில் அடுக்குவது' என்று அவன் மனதில் பதிந்துவிடும். அது அந்த வேலைக்கும் நியாயம் இல்லை. ஒரு கடையின் கணக்கைப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது மூளை கேட்கும் வேலை. அதை அவனுக்கு யாரும் காட்டவில்லை.

அடுத்த நாளே மற்ற எட்டு நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தோம். அச்சகத்துக்குப் போன பையனின் நோட்டு கிட்டத்தட்ட காலி. தேர்தலுக்கு முன்னால் இரவு பகலாக ஓடிய இடம், வாக்குப்பதிவு முடிந்ததும் சில கல்யாணப் பத்திரிகைகளோடு நின்றுவிட்டது. கால்நடை மருந்தகம் போன மாணவியின் நோட்டு ஒரே நாளில் பன்னிரண்டு பக்கம். கன்றுக்குட்டிக்குக் குடற்புழு மருந்து ஊற்றும்போது அதன் தலையை எவ்வளவு தூக்க வேண்டும், ஏன் அதற்கு மேல் தூக்கக் கூடாது என்பதுவரை எழுதியிருந்தாள். அங்கிருந்த மருத்துவர் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். அந்த ஒரு குணம்தான் இவ்வளவு வித்தியாசத்துக்கும் காரணம் என்பது என் எண்ணம்.

பிறகு, பிள்ளையைக் கூட வைத்துக்கொள்கிறவருக்கு ஒரு பக்கத்தில் ஒரு தாள் எழுதினோம். பிள்ளை உங்கள் பக்கத்தில் இருக்கட்டும், வேலை கொடுக்க வேண்டாம். நீங்கள் செய்வதை ஏன் செய்கிறீர்கள் என்று அவ்வப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். கடை, டீ, ஜெராக்ஸ் என்று வெளியே அனுப்ப வேண்டாம். தனியாக விட்டுப் போக வேண்டாம். கடைசி நாள் அரை மணி நேரம் அவன் கேட்கும் கேள்விக்கு ஒதுக்குங்கள், சம்பளம் உட்பட. இதை எழுத அரை மணி நேரம்தான் ஆனது. ஏப்ரல் 22க்கு முன்னால் எழுதியிருக்க வேண்டிய தாள்.

முடிவு 2: மறுபடி ஓரிடம், அம்மாவின் மறுப்பு

இந்தத் தடவை அவனையே கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு படகு இன்ஜின் பட்டறையைச் சொன்னான். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு அங்கே போய் நின்றிருக்கிறானாம். வகுப்பில் கொடுத்த தாளில் அதை ஏன் எழுதவில்லை என்றேன். "அது வேலையா மிஸ்?" என்று கேட்டான்.

காலம் வாகாக அமைந்திருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருடம் முழுக்க ஓடிய இன்ஜின்களைப் பிரித்துப் பார்ப்பது அப்போதுதான். அந்தப் பட்டறையில் வேலை உச்சத்தில் இருக்கும் மாதம் மே.

அம்மாவைப் பார்க்க ஒரு ஞாயிறு மாலை வீட்டுக்குப் போனேன். வாசலில் சாக்கை விரித்துக் கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே வலை முடிந்துகொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அம்மாவின் கை நிற்கவில்லை. அப்புறம் நிறுத்தினார்.

"டீச்சர், உங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"கடல் வேணாம்னு சொன்னீங்கக்கா. இது கரையில இருக்கிற பட்டறை."

"பட்டறையில ஆரம்பிச்சுதான் டீச்சர் எல்லாரும் படகுல ஏறுறாங்க. இன்ஜின் தெரிஞ்ச பையன்னா ட்ரைவருக்குக் கூப்பிடுவாங்க. என் தம்பியும் அப்படித்தான் போனான்."

தம்பி திரும்பி வரவில்லை. அதை அவர் சொல்லவில்லை, உள்ளிருந்து அப்பா சொன்னார்.

நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பயத்தை வாதம் செய்து போக்க முடியாது, போக்க முயல்வதும் தப்பு. ஐந்து நாள், காலையில் மட்டும், தினமும் நானோ இன்னொரு ஆசிரியரோ ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் கழித்து அவர் ஒரு நிபந்தனை போட்டார். "படகுல கால் வைக்கக் கூடாது. கரையில கட்டிக் கிடக்குற படகா இருந்தாலும் சரி." ஒத்துக்கொண்டு, அதை மேலே சொன்ன தாளில் கடைசி வரியாக என் கையால் எழுதி, அவர் முன்னாலேயே பையனைப் படிக்கச் சொன்னேன்.

எங்கள் பக்கத்திலிருந்தும் நிபந்தனைகள் இருந்தன. லுங்கி, தொளதொள சட்டை வேண்டாம். மூடிய காலணி வேண்டும். ஓடுகிற இன்ஜினுக்குக் கைநீளத்துக்கு மேல் தள்ளியே நிற்க வேண்டும். கைச் சாமானைத் தொடக் கூடாது. அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டதால் காலை 7 முதல் 10.30 வரை மட்டும். பட்டறைக்காரர் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பேசிக்கிட்டே வேலை செய்யணும், அவ்வளவுதானே டீச்சர்? எனக்குப் பேசாம வேலையே ஓடாது" என்றார்.

பட்டறையில் ஐந்து நாள்: மே 6 முதல் 10 வரை

இரண்டு காலை நானும் அங்கே நின்றேன். நோட்டில் இருந்ததையும் நான் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் நாள் பட்டறைக்காரர் ஓர் இன்ஜினின் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைக்காமல் அப்படியே பையன் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "என்ன கலர்?" பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. கறுப்பாகத்தானே இருக்க வேண்டும்? ஆயிலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம், இல்லாவிட்டால் ஆயில் கூலர் ஓட்டை என்றார். எது என்று கண்டுபிடிக்க அன்று காலை முழுக்க ஆனது. புகையைப் பார்த்தும் சொன்னார்: கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இயற்பியல் பாடம் நடத்துகிற எனக்கு, திடப்பொருளில் ஒலி காற்றைவிட நன்றாகப் பரவும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் டேப்பெட் வைத்தார். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் விடுகிற இடைவெளிக்கு மில்லிமீட்டரில் கணக்கு உண்டு. அந்த இன்ஜின் புதிய மாடல், அளவு மனதில் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து, "தம்பி, இதுல எங்கேயோ போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு" என்றார். பையன் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படித்தான். அவர் அந்த அளவுள்ள, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி இழுத்தார். "இறுகியும் இருக்கக் கூடாது, வழுக்கிட்டும் வரக் கூடாது. விரலிடுக்குல பழைய ரூபா நோட்டை இழுக்குற மாதிரி வரணும்." எட்டாவதோடு நின்றவர் அவர். "எனக்குத் தெரியாதது இந்தப் புஸ்தகம் மட்டுந்தான்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். நோட்டில் அன்று ஒரே ஒரு 'ஏன்' இருந்தது: 'புக் படிச்சு சொன்னேன்.' கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் எங்கள் விதிக்கு மீறல்தான். ஆனாலும் அந்த ஒரு வரியை நான் அப்படிப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் 'தட்டினார்', 'கேட்டார்', 'முகர்ந்து பார்த்தார்'.

நான்காம் நாள் நடந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அன்று ஸ்பேனரைத் தொடவே இல்லை. இரண்டு மணி நேரம் அவர் கடன் நோட்டை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். தடைக்காலத்தில் வேலை குவியும், காசு வராது. படகுக்காரர்கள் ஜூன் 15க்கு மேல் கடலுக்குப் போய், மீன் பட்டு, விற்று, அப்புறம்தான் கொடுப்பார்கள். அதுவரை உதிரிபாகக் கடைக்கு இவர்தான் பதில் சொல்ல வேண்டும். பையன் எழுதியிருந்தது: 'மெக்கானிக் அண்ணன் வேலையில பாதி இன்ஜின், பாதி கடன் நோட்டு. இது எனக்குத் தெரியாது.' அந்தப் பட்டறையில் சிறுவயதிலிருந்து நின்றவன் இதை எழுதுகிறான். நின்று வேடிக்கை பார்ப்பது ஒன்று, இவர் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்று கேட்டுக்கொண்டே பார்ப்பது இன்னொன்று.

கடைசி நாள் அரை மணி நேரத்தில் அவன் கேட்ட கேள்விகளில் மூன்று: முதுகு எப்போதிலிருந்து வலிக்கிறது? படித்திருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்? உங்கள் மகனை இதில் விடுவீர்களா? மூன்றாவதற்கு அவர் பதில், "படிச்சுட்டு வந்தா விடுவேன்."

அம்மாவின் நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது. ஒரு நாள் பட்டறைக்காரர் கரையிலிருந்த படகில் ஏறி இன்ஜின் பார்க்க வேண்டி வந்தபோது, பையன் கீழேயே நின்றான். அவர் மேலிருந்து ஒவ்வொன்றையும் கத்திச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார்.

ஒரு மாணவியின் அனுபவம்

இதே சுற்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போன மாணவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே எங்கள் வேறொரு குறை தெரிந்தது. நர்ஸ் ஆக விரும்பியவள். காலை ஆறரைக்கே வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் வரிசையில் இருப்பார்கள். டெக்னீஷியன் ஊசி போடும் முன் பெயரைக் கேட்பார், கையில் பஞ்சு வைத்த பிறகு மறுபடி கேட்பார், அப்புறம்தான் குழாயில் பெயர் ஒட்டுவார். சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரைக்கு, ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களுக்கு. ஊதாவைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகப் பல முறை திருப்ப வேண்டும். இவ்வளவையும் கவனமாக எழுதியிருந்தாள். கூடவே, இரண்டு நோயாளிகளின் பெயரையும் அவர்களுக்கு என்ன பரிசோதனை என்பதையும் எழுதியிருந்தாள். ஒருவர் அவள் தெருக்காரர்.

அவள்மேல் தப்பில்லை. பார்த்ததை எழுது என்றோம், எழுதினாள். அந்தப் பக்கத்தை அவளே கிழித்துப் போடும்படி செய்து, காரணத்தை விளக்கினேன். அந்தக் கூடத்தாரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து ஆளைக் குறிக்கிற எதையும் நோட்டில் எழுதக் கூடாது என்பதும், நோயாளி சம்மதித்தால் மட்டுமே உள்ளே இருக்கலாம் என்பதும் சேர்ந்தன. அவள் மூன்று நாள் முடிவில் தெளிவாகச் சொன்னாள்: மெஷினோடு நாள் முழுக்க இருக்க முடியாது, வரிசையில் பயந்து உட்கார்ந்திருக்கிறவர்களோடு பேசுவதுதான் பிடித்தது. இப்போது நர்சிங் படிக்கிறாள். எங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே அவள் எழுதியிருந்த வேலைதான், காரணம் மட்டும் இப்போது அவளுடையது.

பின்னர் நடந்தவை

பட்டறைக்குப் போய் வந்ததால் பையனின் மதிப்பெண் உயரவில்லை. பிளஸ் 2வில் கணிதம் அவனைப் படுத்தியது. மாற்றம் வேறு இடத்தில் தெரிந்தது. வகுப்பில் கேள்வி கேட்டான். தண்ணீரும் ஆயிலும் கலக்காது என்று பாடம் சொல்கிறதே, இன்ஜினுக்குள் மட்டும் எப்படி டீ மாதிரி ஆகிறது என்று கேட்டு, வேதியியல் ஆசிரியரை ஒரு பாடவேளை முழுக்கப் பேச வைத்தான்.

மாதம் ஒரு முறை ஒன்பது பேரையும் உட்கார வைத்துப் பேசுவது என்று வைத்திருந்தோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோரப் பகுதிகளில் புகுந்தது. அந்தக் கூட்டங்கள் அதோடு விட்டுப்போயின. பிள்ளைகள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், எதிர்காலத்தைப் பற்றிப் பேச யாருக்கும் தெம்பில்லை. ஜனவரியில் மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் தொடங்கவில்லை.

2025 மே 8 அன்று பிளஸ் 2 முடிவு வந்தது. தேர்ச்சி பெற்றான். அவன் முன்னால் மூன்று வழிகளை வைத்துப் பேசினோம். ஐடிஐயில் ஓராண்டு டீசல் மெக்கானிக் பிரிவு. பிளஸ் 2 முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி. பி.இ. மெக்கானிக்கல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு எங்களைப் போன்ற உதவிபெறும் பள்ளிக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட்டேன். அவன் பாலிடெக்னிக்கைத் தேர்ந்தெடுத்தான், மெக்கானிக்கல் பிரிவு. தமிழ்வழியில் படித்தவன் என்பதால் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் விண்ணப்பிக்க முடிந்தது.

அந்த வரிக் கணக்கு அலுவலகத்துக்கு 2025இல் வணிகவியல் மாணவி ஒருத்தியைத் தாளோடு அனுப்பினோம். அவர் மூன்று நாளும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மளிகைக் கடையின் கணக்கில் வாங்கிய சரக்கும் விற்ற சரக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கூடவே தேட வைத்தார். அவளுடைய நோட்டில் 'ஆர்' நிறைய இருந்தது.

மாற்றிக்கொண்டவை, மாற்ற வேண்டியவை

இப்போது நோட்டை முதல் நாள் மாலையே பார்த்துவிடுகிறோம். பார்க்கும்போது முதலில் வினைமுடிவுகளைத்தான் பார்க்கிறேன். ஒரு பக்கம் முழுக்க 'ஏன்' வந்தால் உடனே போன் செய்கிறேன். இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. "எப்படி இருந்தது?" என்று கேட்பதில் பயன் குறைவு. பெரியவர் கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பதுதான் எங்கள் பிள்ளைகளின் பதில்.

எல்லோரையும் ஒரே வாரத்தில் அனுப்புவதை விட்டுவிட்டோம். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காலம் இருக்கிறது. பட்டறைக்குத் தடைக்காலம், முந்திரிக்குக் கோடை, அச்சகத்துக்குக் கல்யாண மாதங்களும் தேர்தலும். பள்ளி விடுமுறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அதனால் சனிக்கிழமைகளையும் பயன்படுத்துகிறோம்.

இடத்தை ஆசிரியர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைக்குத் தெரியாத வேலைகளைக் காட்டுவதும் நம் பொறுப்புதான். இப்போது இரண்டு இடம்: ஒன்று அவர்கள் கேட்பது, ஒன்று நாங்கள் சொல்வது. முதலில் அவர்கள் கேட்டது.

பெற்றோரை வெறும் கையெழுத்துக்குக் கூப்பிடுவதும் போதாது. அந்த அம்மாவிடம் ஏப்ரலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால், கடல் வேண்டாம் என்பதற்குப் பின்னால் ஒரு தம்பி இருக்கிறார் என்று முதலிலேயே தெரிந்திருக்கும். அப்போதும் பட்டறை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆனால் நான் அவருக்குப் பிடிக்கும் என்று நானே ஊகித்து ஓர் அலுவலகத்தைத் தேடியிருக்க மாட்டேன்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. பையனின் கடைசி ஆண்டில் வெளியில் பயிற்சிக்கு எங்கே போவது என்று வீட்டில் இப்போதே பேச்சு ஓடுகிறது. படகு இன்ஜின் சர்வீஸ் செய்யும் இடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்கிறான் அவன். அங்கே போனால், இன்ஜின் மாட்டிய பிறகு கடலில் ஓட்டிப் பார்க்க ஏற வேண்டியிருக்கும். போன வாரம் அம்மா என்னிடம் வந்து, ஏறாமல் அந்தப் பயிற்சியை முடிக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். பாலிடெக்னிக்கில் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.